கோடு கோடு எனேபிள்: மின்னஞ்சல் நிரலின் பில்ட் ஆப்ஷனைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

போன ஜூலையில் மஞ்சூரிலிருந்து அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். குந்தாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இணையம் நூலாக இளைத்துவிடும். "மாமா, மட்டில் இன்பாக்ஸ் திறப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி அடங்கிவிடுகிறது" என்றாள். சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கணக்கு எழுதித் தருவது அவள் வேலை. இன்பாக்ஸில் பதினெட்டாயிரம் கடிதங்கள் கிடந்தன. நான் குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, விட்டு விட்டுக் கேட்ட குரலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி. மறுபாதி, வேறொரு நிரலில் நானே முட்டிக்கொண்டு கற்றது.

மட் என்பது டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் நிரல். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கியது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, எல்லாம் விசைப்பலகைதான். மெலிந்த இணையத்துக்கும் பழைய மடிக்கணினிக்கும் இதைப் போல ஒத்துப்போகிற நிரல்கள் குறைவு. பிறகு ஏன் பால் பொங்கியது? ஐமேப், அதாவது கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை, வழியாக ஒரு பெட்டியைத் திறக்கும்போது, அனுப்புநர், பொருள், தேதி என்று ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பு வரிகளையும் மட் சர்வரிலிருந்து கேட்டு வாங்குகிறது. வாங்கியதைச் சேமித்துவைக்கும் வசதி இல்லாவிட்டால், நாளைக்கு மறுபடியும் பதினெட்டாயிரத்தையும் கேட்கும். அந்தச் சேமிப்புக்குத்தான் ஹெடர் கேஷ் என்று பெயர்.

அவளும் அதைப் படித்துவிட்டுத்தான் அழைத்திருந்தாள். அமைப்புக் கோப்பில் ஹெடர் கேஷுக்கான வரியைச் சேர்த்தால், அப்படியொரு மாறியே தெரியாது என்று மட் முகத்தில் அடித்தது போலச் சொல்லியிருக்கிறது. புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். சில வசதிகளை நிரல் ஓடும்போது அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை நிரலைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும்போதே, உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். எங்கள் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். அதில் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைதான் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் உண்டு. பாதை போடும்போதே பதித்தது அது. ரயில் கிளம்பிய பிறகு ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பல் இல்லாத பாதையில் பல் முளைக்க வைக்க முடியாது. ஹெடர் கேஷ் பாதையில் பதிக்க வேண்டிய பல்.

கட்டளைகளை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியில் சொன்ன மாதிரியே ஒலியாக எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'கோடு' என்றால் ஹைஃபன். 'கோடு கோடு' என்றால் இரண்டு ஹைஃபன், நடுவில் இடைவெளி இல்லாமல்.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

'மட் கோடு வி' என்று தட்டினால் பதிப்பு எண்ணோடு நீளமான ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வசதியின் பெயருக்கு முன்னும் கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கும். கூட்டல் என்றால் உள்ளே கட்டப்பட்டது, கழித்தல் என்றால் விடப்பட்டது. 'யூஸ் ஹெச்கேஷ்' என்ற பெயரைத் தேடுங்கள். அவளுக்குக் கழித்தல் வந்தது. அதே பட்டியலில், கம்பைல் செய்தவர், கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்து அமைக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த ஆப்ஷன்களும் ஒரு வரியாக வரும். கல்லூரியில் யாரோ கட்டிக்கொடுத்த மட் அது. அந்த யாரோ ஐமேப்பைச் சேர்த்திருந்தார், கேஷை விட்டிருந்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டெபியன், உபுண்டு தரும் மட் தொகுப்பில் ஹெடர் கேஷ் ஏற்கெனவே இருக்கிறது. கடிதம் படித்தால் போதும் என்பவர்கள் அதை நிறுவிக்கொண்டு இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். "இல்லை மாமா, கட்டிப் பார்க்க வேண்டும்" என்றாள். அந்த ஆசை உள்ளவர்களுக்குத்தான் மிச்சம்.

இன்னொரு சோதனை: 'டைப் கோடு ஏ மட்'. கணினியில் எத்தனை மட் இருக்கின்றன, எது முதலில் ஓடும் என்று இது காட்டும். புதிதாகக் கட்டி நிறுவிய பிறகும் பழையதே ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

கன்ஃபிகர்

மூலநிரல் சில மெகாபைட்தான். மஞ்சூர் மழையிலும் இறங்கிவிடும். விரித்து, அந்தக் கோப்புறைக்குள் போய், கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்டை ஆப்ஷன்களோடு ஓட்ட வேண்டும். மட்டில் ஐமேப், கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி இரண்டும் கேட்டால்தான் கிடைக்கும். எனவே எனேபிள் கோடு ஐமேப், எனேபிள் கோடு எஸ்எம்டிபி, எனேபிள் கோடு ஹெச்கேஷ், பாதுகாப்பான இணைப்புக்கு வித் கோடு ஜிஎன்யூடிஎல்எஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோடு கோடு. எங்கே நிறுவுவது என்று பிரிஃபிக்ஸ் ஆப்ஷனில் உங்கள் சொந்தக் கோப்புறையைக் கொடுங்கள். நிர்வாகி அனுமதி தேவைப்படாது, கணினியின் மற்ற பாகங்களும் கெடாது.

அவள் எல்லாவற்றையும் தட்டினாள். கன்ஃபிகர் பத்திப் பத்தியாக ஓடி, பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. கம்பைல் வேலையைச் செய்யும் மேக் கட்டளையை ஓட்டினாள், அதுவும் முடிந்தது. 'மட் கோடு வி' பார்த்தால் அதே கழித்தல்! முக்கால் மணி நேரம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில், தட்டியதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். "சி, ஏ, எஸ், ஹெச்" என்றாள். கல்லாப்பெட்டிப் பணம்! கணக்கு எழுதுகிறவளுக்கு வேறு எந்தக் கேஷ் தோன்றும்? வேண்டியது சி, ஏ, சி, ஹெச், இ.

தவறு அவளுடையது மட்டுமல்ல. எனேபிள் என்றோ வித் என்றோ தொடங்கும் ஆப்ஷன் தனக்குத் தெரியாததாக இருந்தாலும், கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை எழுதித் தரும் கருவியான ஆட்டோகான்ஃப் உருவாக்கிய கன்ஃபிகர் நிற்காது. 'அடையாளம் தெரியாத ஆப்ஷன்' என்று ஓர் எச்சரிக்கையைத் தொடக்கத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் அச்சிட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போகும். இருநூறு வரிகள் ஓடும் திரையில் அதை யார் பார்க்கிறார்கள்? ஒரு பெரிய மென்பொருளுக்குள் பல சின்னக் கன்ஃபிகர்கள் அடங்கியிருக்கும்போது, ஒன்றுக்கான ஆப்ஷன் மற்றொன்றுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் இந்தப் பெருந்தன்மை. நமக்கு அது வேண்டாம். 'கோடு கோடு எனேபிள் கோடு ஆப்ஷன் கோடு செக்கிங்' என்று எழுதி, சமக்குறி போட்டு, 'ஃபேட்டல்' என்று முடியுங்கள். இனி எழுத்துப் பிழை இருந்தால் கன்ஃபிகர் அங்கேயே நிற்கும். புதியவர்கள் இதை ஒவ்வொரு முறையும் சேர்ப்பது நல்லது என்பது என் கட்சி.

எழுத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். இந்த முறை பாதியில் நின்றது. கேஷைச் சேமிக்க ஒரு தரவுத்தள லைப்ரரி வேண்டுமே, ஒன்றும் அகப்படவில்லையே என்று புகார். "இப்போதுதான் மாமா பிழையே வருகிறது" என்று சோர்ந்துபோனாள். எனக்கோ உயிர் வந்தது. கேட்டதைத் தர முடியாதபோது, முடியாது என்று சொல்லி நிற்கிற ஆப்ஷன்தான் யோக்கியமான ஆப்ஷன்.

மட் ஏற்றுக்கொள்ளும் லைப்ரரிகள் டோக்கியோ கேபினெட், ஜிடிபிஎம், எல்எம்டிபி என்று பல. ஏதாவது ஒன்று போதும். "ஜிடிபிஎம் என் கணினியில் இருக்கிறதே" என்றாள். இருந்தது, ஆனால் ஓடுவதற்கான பாதி மட்டும். டெபியன் குடும்பத்தில் ஒரு லைப்ரரி இரண்டு தொகுப்புகளாக வரும். ஒன்று நிரல்கள் ஓடத் தேவையானது. மற்றொன்று, நிரல்களைக் கட்டும்போது கம்பைலர் படிக்கிற தலைப்புக் கோப்புகள் கொண்டது. அதன் பெயர் 'டெவ்' என்று முடியும். கட்டுகிறவருக்கு டெவ் இல்லாமல் வேலை நடக்காது. டெர்மினல் திரையில் எழுத்துகளைக் காட்டும் என்கர்சஸ், ஜிஎன்யூடிஎல்எஸ் இரண்டுக்கும் இதே கதைதான். என்கர்சஸ் விஷயத்தில் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு: அகன்ற எழுத்துகளைக் கையாளும் வகை, அதாவது பெயரின் கடைசியில் 'டபிள்யூ' சேர்ந்த லைப்ரரி, இணைந்திருக்க வேண்டும். சாதாரண வகை இணைந்துவிட்டால் தமிழ்க் கடிதத்தின் பொருள் வரி குப்பையாகத் தெரியும்.

எந்த டெவ் தொகுப்பு இல்லை என்று ஊகிக்க வேண்டாம். கன்ஃபிகர் ஓடிய கோப்புறையில் 'கன்ஃபிக் டாட் லாக்' இருக்கும். நீளத்தைப் பார்த்து மிரளாதீர்கள். கடைசியிலிருந்து மேலே போங்கள். முடிவில் மாறிகளின் நீண்ட பட்டியல் ஒன்று வரும்; அதைத் தாண்டினால் தோற்ற சோதனையும் கம்பைலரின் புகாரும் இருக்கும். அந்தக் கோப்பின் தலையில் நீங்கள் தட்டிய கட்டளை அப்படியே பதிவாகியிருக்கும். கல்லாப்பெட்டியை அங்கே முதலிலேயே பார்த்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மேக், மின்வெட்டு

மேக் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கோ மரம் கம்பிமேல் விழுந்து மின்சாரம் போனது. அந்த மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் மறுபடி மேக் என்று தட்டினால் போதும், முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் செய்யும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பு புதிதா பழையதா என்பதை மேக் நேர முத்திரையை வைத்தே தீர்மானிக்கிறது. மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு வெறும் பூஜ்ஜியம் பைட்டாக நின்றிருந்தாலும், அதன் முத்திரை புதியது. மேக் அதை முடிந்த வேலையாகக் கணக்கில் வைத்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது கோப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்றோ, வடிவம் புரியவில்லை என்றோ லிங்கர் கத்தும். அது பெயர் சொல்லும் கோப்பை அழித்துவிட்டு மேக்கை மீண்டும் ஓட்டுங்கள். எது என்று தெரியவில்லையா, 'மேக் கிளீன்' கொடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள். மட் சின்னது, கட்ட அதிக நேரம் ஆகாது.

பிறகு 'மேக் இன்ஸ்டால்', பழைய மட் இருந்த இடத்தை மறக்கச் சொல்ல 'ஹேஷ் கோடு ஆர்', கடைசியாக 'மட் கோடு வி'. கூட்டல் வந்தது.

இத்தோடு முடிந்ததாக நினைத்து அவள் வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு: "வேகம் அப்படியேதான் இருக்கிறது மாமா." பாதையில் பல் பதித்தாயிற்று, எஞ்சின் அதில் கோத்துக்கொள்ள வேண்டாமா? கேஷ் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் ஹெடர் கேஷ் மாறிக்குச் சொல்லாவிட்டால் மட் எதையும் சேமிக்காது. ஒரு கோப்புறையை முதலில் உருவாக்கிவிட்டு அதன் பாதையைக் கொடுங்கள். கோப்புறையாக இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கேஷ் உருவாகும். இல்லையென்றால் எல்லாம் ஒரே கோப்பில் குவியும். கடிதங்களின் உடலையும் சேமிக்க வேறொரு மாறி இருக்கிறது, அதற்கு மெசேஜ் கேஷ்டிர் என்று பெயர். முதல் முறை திறக்கும்போது பால் பொங்கத்தான் செய்யும். இரண்டாம் முறை பாலை அடுப்பில் வைக்கவே நேரமிருக்காது.

பிழை நிரலிலேயே இருந்தால்

இனி என் கதை. வேறொரு திறமூல மின்னஞ்சல் நிரலைக் கட்டும்போது ஒரு வசதியை வேண்டாம் என்று சொல்ல, 'டிசேபிள்' போட்டு அதன் பெயரைக் கொடுத்தேன். அது வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தது! ஒன்றும் சொல்லாமல் விட்டால் வரவில்லை. மாமியார் வீட்டு விருந்தில் 'போதும்' என்று கை காட்டினால் இன்னொரு கரண்டி விழுமே, அந்தக் கதை.

காரணத்தைத் தேட, கன்ஃபிகர் ஸ்கிரிப்டைத் திறக்கக் கூடாது. அது பல்லாயிரம் வரி கொண்ட, இயந்திரம் எழுதிய கோப்பு. மூலம், 'கன்ஃபிகர் டாட் ஏசி' என்ற சிறிய கோப்பு. 1991இல் பிறந்த ஆட்டோகான்ஃப் அதை எம்4 என்ற இன்னும் பழைய மேக்ரோ மொழியின் வழியே விரித்துக் கன்ஃபிகரை உருவாக்குகிறது. கன்ஃபிகரைத் திருத்தினால், அடுத்த முறை அது உருவாகும்போது உங்கள் திருத்தம் காற்றோடு போகும்.

ஏசி கோப்பில் ஒரு ஆப்ஷனை அறிவிக்கும் மேக்ரோ 'ஏசி ஆர்க் எனேபிள்'. அதற்கு நான்கு இடங்கள்: ஆப்ஷனின் பெயர், உதவி வரி, ஆப்ஷன் தரப்பட்டால் செய்ய வேண்டியது, தரப்படாவிட்டால் செய்ய வேண்டியது. மூன்றாவது இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'தரப்பட்டால்' என்பதை 'எனேபிள் என்று சொன்னால்' என்று படித்துவிடுகிறார்கள். டிசேபிள் என்று சொன்னாலும் ஆப்ஷன் தரப்பட்டதாகத்தான் ஆட்டோகான்ஃபுக்குக் கணக்கு; மூன்றாவது இடமே ஓடும். நான் பார்த்த கோப்பில் இருந்ததன் சாரம் இது:

தரப்பட்டால்: வசதி = ஆம்
தரப்படாவிட்டால்: வசதி = இல்லை

டிசேபிள் சொன்னவருக்கும் ஆம்தான் கிடைக்கும். பயனர் உண்மையில் சொன்னது 'எனேபிள்வேல்' என்ற மாறியில் இருக்கும். எனேபிள் என்றால் அதில் ஆம். டிசேபிள் என்றால் இல்லை. சமக்குறி போட்டு வேறேதாவது எழுதியிருந்தால் அது. எனவே திருத்தம் ஒரே சொல்:

தரப்பட்டால்: வசதி = எனேபிள்வேல்

வித், வித்அவுட் ஆப்ஷன்களுக்கும் இதே விதி. அங்கே மாறியின் பெயர் வித்வேல்.

ஒரு சொல்லோடு நிறுத்தலாம். நான் நிறுத்தவில்லை. அந்த வசதிக்கு ஒரு லைப்ரரி தேவை. அது இல்லாவிட்டால் கன்ஃபிகர் சத்தமில்லாமல் வசதியை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, பயனர் எனேபிள் என்று வாய்திறந்து கேட்டிருந்தாலும்கூட. எனக்கு அது பொறுக்கவில்லை. நாலாவது இடத்தில் 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு 'ஆட்டோ' என்று வைத்தேன். பிறகு லைப்ரரி சோதனையில் மூன்று வழிகள். இல்லை என்றால் தேடவே வேண்டாம். ஆட்டோ என்றால் தேடு, கிடைத்தால் சேர், கிடைக்காவிட்டால் விடு. ஆம் என்றால் தேடு, கிடைக்காவிட்டால் பிழை சொல்லி நில். இந்த ஆட்டோ எல்லாத் திட்டங்களுக்கும் பிடிப்பதில்லை. கேட்காமல் எதுவும் சேரக் கூடாது என்ற கொள்கை உள்ளவர்கள் இருக்கிறார்கள்; அங்கே நாலாவது இடத்தைத் தொடாதீர்கள். ஆனால் ஆம் என்றவரை ஏமாற்றுவதற்கு எந்தக் கொள்கையும் சாக்கு ஆகாது.

திருத்தும்போது கால் இடறும் கற்கள் இரண்டு. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் இரண்டு சொற்களை ஒப்பிட ஒற்றைச் சமக்குறிதான் போட வேண்டும். இரட்டைச் சமக்குறியை பேஷ் என்ற ஷெல் பொறுத்துக்கொள்ளும், டேஷ் என்ற ஷெல் பொறுக்காது. உபுண்டு 2006இலேயே கன்ஃபிகர்களை ஓட்டும் ஷெல்லாக டேஷை வைத்துவிட்டது. உங்கள் கணினியில் சரியாக ஓடியது அடுத்தவர் கணினியில் வேறு பதில் தருவதற்கு இது போதும். மற்றொன்று சி மொழிப் பக்கம். வசதி வேண்டாம் என்றால் மாறியைப் பூஜ்ஜியம் என்று அறிவித்துவிட்டு, நிரலுக்குள் 'இஃப்டெஃப்' என்று சோதித்தால், அறிவிக்கப்பட்டதாகவே கணக்கு. வேண்டாம் என்றால் அறிவிக்காமல் விடுவதே வழி.

திருத்திய பின் 'ஆட்டோரீகான்ஃப் கோடு ஐ' ஓட்டிப் புதிய கன்ஃபிகரை உருவாக்குங்கள். ஆட்டோகான்ஃபின் 2.69 வந்தது 2012இல், 2.70 வந்தது 2020இல். நடுவே பழையதாகிப்போன மேக்ரோக்களைப் பற்றிப் புதிய பதிப்புகள் நிறைய முணுமுணுக்கும். அந்த எச்சரிக்கைகளை இதே திருத்தத்தில் சரிசெய்யப் புறப்படாதீர்கள். பார்க்கிறவருக்கு எது உங்கள் நோக்கம் என்று புரியாமல் போகும்.

சோதனையைப் பல தனிக் கோப்புறைகளில் செய்யுங்கள். மூலநிரல் கோப்புறையில் முன்பே கன்ஃபிகர் ஓடியிருந்தால் அங்கே ஒரு முறை 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுத்துவிட்டு, வெளியே காலிக் கோப்புறைகள் உருவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கன்ஃபிகரை அதன் பாதையோடு அழையுங்கள். ஒன்றில் ஆப்ஷனே இல்லாமல், ஒன்றில் எனேபிள், ஒன்றில் டிசேபிள், ஒன்றில் எனேபிள் சமக்குறி நோ. பிறகு டெவ் தொகுப்பை நீக்கிவிட்டு நான்கையும் மறுபடி. எட்டு முடிவுகளையும் 'கன்ஃபிக் டாட் ஹெச்' கோப்பில் பாருங்கள்: வசதியின் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, குறிப்புரைக்குள் அடைபட்டுக் கிடக்கிறதா. லைப்ரரி இல்லாமல் எனேபிள் கேட்டதில் மட்டும் அந்தக் கோப்பே உருவாகியிருக்கக் கூடாது. என் முதல் முயற்சியில் எட்டில் நான்குதான் சரி. தவறியவை எவை என்கிறீர்களா, டிசேபிளும் எனேபிள் சமக்குறி நோவும், லைப்ரரி இருந்தபோதும் இல்லாதபோதும். நான் எங்கேயோ 'ஆட்டோ இல்லையென்றால் ஆம்' என்று எழுதிவைத்திருந்தேன்.

இனி அனுப்புவது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் தனிக் கிளை, ஒரே கமிட், அதாவது ஒரே பதிவு. செய்தியின் முதல் வரியில் எந்த ஆப்ஷன், என்ன திருத்தம் என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே, முன்பு எந்தக் கட்டளைக்கு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். 'கன்ஃபிகரைச் சரிசெய்தேன்' என்று மட்டும் எழுதினால், மூன்று வருடம் கழித்து அதைப் படிப்பவர் உங்களைத் திட்டுவார். அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

என் திருத்தம் முதல் சுற்றில் திரும்பி வந்தது. நிரல் சரி, உதவி வரி தப்பு என்றார்கள் அந்த நிரலைப் பராமரிப்பவர்கள். கன்ஃபிகரின் உதவிப் பட்டியலில், இயல்பாகவே சேரும் வசதிக்கு டிசேபிள் என்றும், கேட்டால்தான் சேரும் வசதிக்கு எனேபிள் என்றும் எழுதுவது வழக்கம். பயனர் தட்ட வேண்டியிருப்பது அதைத்தானே. நான் இயல்புநிலையை ஆட்டோவாக மாற்றிவிட்டு, பட்டியலில் பழைய எனேபிளை அப்படியே விட்டிருந்தேன். நிறுவல் குறிப்புக் கோப்பிலும் அதே பழைய வரி இருந்தது. இரண்டையும் மாற்றி, புதிய கமிட் போடாமல் பழையதையே திருத்தி, மறுபடி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சூரில் அக்கா மகள் இப்போது அந்த நிரலையும் காலிக் கோப்புறையில், ஃபேட்டலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.